படியேற கஷ்டப்படுறவங்களோட நைட் ட்ரெயின்ல போறீங்களா? சென்னையில இருந்து எந்த வண்டி, எந்த கிளாஸ், எந்த பெர்த்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் வலுவில்லாம போச்சு. வீட்டுக்குள்ள வாக்கர் வச்சு நடப்பாரு, வெளிய வீல்சேர்தான். எங்க வீடு குரோம்பேட்டை, அக்கா வீடு மதுரை, அதனால வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை நைட் ட்ரெயின்ல அவரை கூட்டிட்டு போயிட்டு வர்றேன். பஸ்ல ட்ரை பண்ணவே இல்ல, ஏன்னா ராத்திரி முழுக்க பாத்ரூம் இல்லாம அவரால முடியாது. ட்ரெயின்ல ஸ்லீப்பர்லயும் போயிருக்கோம், தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி, ஒரு தடவை ஃபர்ஸ்ட் ஏசி எல்லாத்துலயும் போயிருக்கோம். மூட்டு வலி, இடுப்பு ஆபரேஷன், வாக்கர், வீல்சேர்னு வீட்ல யாராவது இருந்தா இது உங்களுக்கு உதவும்னு நினைச்சு விவரமா எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

ஆரம்பத்துல நானும் எல்லாரையும் மாதிரி லோயர் பெர்த் கிடைச்சா போதும்னுதான் நினைச்சேன். அது பாதி விஷயம் கூட கிடையாது. பிளாட்பாரத்துல இருந்து பெட்டிக்குள்ள ஏறணும், ராத்திரி பெர்த்ல எந்திரிச்சு உக்காரணும், பாத்ரூம் போயிட்டு வரணும், காலைல இறங்கணும். இந்த நாலுல எது உங்க வீட்டு ஆளுக்கு ரொம்ப கஷ்டமோ அதை வச்சுத்தான் டிக்கெட் போடணும், ஏன்னா ஒவ்வொரு கிளாஸும் ஒவ்வொரு விஷயத்துல நல்லா இருக்கு, ஒவ்வொரு விஷயத்துல படுத்தும்.

முதல்ல வண்டியை பாருங்க, கிளாஸ் அப்புறம்

ஏறுறதும் இறங்குறதும் நேரம் சம்பந்தப்பட்ட விஷயம். வண்டி கிளம்புற ஸ்டேஷன்லயே ஏறினா முன்னாடியே பிளாட்பாரத்துல கொண்டு வந்து நிறுத்திடுவாங்க, நிதானமா ஏத்தலாம். எங்க வீட்டுக்கு தாம்பரம்தான் பக்கம், ஆனா எழும்பூர்ல இருந்து வர்ற வண்டி தாம்பரத்துல ரெண்டு மூணு நிமிஷம்தான் நிக்கும், அந்த கூட்டத்துல அவரை ஏத்தி சாமானையும் ஏத்துறது நடக்காத காரியம். அதனால எதிர் திசையில எழும்பூர் வரைக்கும் போயிதான் ஏறுவோம். ஆட்டோ காசு கூட ஆகும், ஆனா பதட்டம் இல்ல. எழும்பூர்ல வேலை நடந்தப்போ சில வண்டியை தாம்பரத்துல இருந்தே எடுத்தாங்க, அதனால டிக்கெட்ல எந்த ஸ்டேஷன்ல இருந்து கிளம்புதுன்னு ஒவ்வொரு தடவையும் பாத்துக்கோங்க, தாம்பரத்துல கிளம்புற வண்டின்னா எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது இன்னும் நல்லது.

அதே மாதிரி போய் சேர்ற ஊரும் வண்டியோட கடைசி ஸ்டேஷனா இருந்தா அதை விட நிம்மதி வேற இல்ல. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், நெல்லை எக்ஸ்பிரஸ் எல்லாம் மதுரை வழியா தாண்டி போகும், ஆனா பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரையோட முடிஞ்சிடும். திருச்சிக்கு மலைக்கோட்டை, கோயம்புத்தூருக்கு சேரன், திருநெல்வேலிக்கு நெல்லை, தூத்துக்குடிக்கு முத்துநகர், ஈரோடுக்கு ஏற்காடு, எல்லாம் அந்தந்த ஊரோட முடியுற வண்டி. எல்லாரும் இறங்கி போன பிறகு மெதுவா இறங்கலாம், விடியக்காலை மூணு மணிக்கு அலாரம் வச்சு கதவுகிட்ட நிக்க வேண்டாம். லோயர் பெர்த் ஒரு வண்டியில இருக்கு, ஆனா அது வழியில ரெண்டு நிமிஷம் நிக்கிற வண்டி, இன்னொன்னுல வெயிட்டிங் லிஸ்ட், ஆனா அது நம்ம ஊரோட முடியுதுன்னா, நான் தேதியை ஒரு நாள் தள்ளி வச்சாவது ரெண்டாவதைத்தான் எடுப்பேன்.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு கல்யாணத்துக்கு சின்ன ஊர் ஒன்னுக்கு போனோம், வண்டி நிக்கிறது ரெண்டு நிமிஷம், எங்க பெட்டி பிளாட்பாரத்தோட மேடான பகுதியை தாண்டி நின்னுடுச்சு, கீழ பாத்தா தரை எங்கேயோ இருக்கு. ரெண்டு காலேஜ் பசங்க இறங்கி அப்பாவை அப்படியே தூக்கி இறக்கினாங்க, நான் பையை தூக்கி போட்டுட்டு குதிச்சேன், வண்டி நகர ஆரம்பிச்சிடுச்சு. அப்பா அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் பேசல. அவரை சாமான் மாதிரி தூக்கினது அவருக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது.

ஸ்டேஷன்னு பாத்தா சென்ட்ரல் ஒரு பெரிய வசதி, தண்டவாளம் அங்கேயே முடியுறதால மெயின் பில்டிங்ல நுழைஞ்சு படி ஏறாமலே எந்த பிளாட்பாரத்துக்கும் சமதளமா போயிடலாம். எழும்பூர் அப்படி இல்ல, வண்டி ஊடுருவி போற ஸ்டேஷன், எந்த பிளாட்பாரம்னு பாத்து காந்தி இர்வின் ரோடு பக்கமா பூந்தமல்லி ஹை ரோடு பக்கமா எந்த வாசல்ல இறங்குறதுன்னு முடிவு பண்ணணும், தப்பான பக்கம் இறங்கினா லிஃப்ட் தேடி அலையணும். ரெண்டு ஸ்டேஷனுக்கும் மெட்ரோ இருக்கு, மெட்ரோல லிஃப்ட் இருக்கு, வண்டி தரையும் பிளாட்பாரமும் ஒரே மட்டம், வீல்சேர் நேரா உருண்டு போயிடும். கூட்டம் இல்லாத நேரம்னா நல்ல வழி.

ஆனா சமதளம்னா மட்டும் போதாது, தூரம் இருக்கு. எல்எச்பிங்கிற புது மாடல் பெட்டி ஒன்னு கிட்டத்தட்ட 24 மீட்டர், இருபது இருபத்திரெண்டு பெட்டி வண்டின்னா அரை கிலோமீட்டர். வாக்கர்ல அதை நடக்க முடியாது. ஸ்டேஷன் மேனேஜர் ஆபீஸ்ல கேட்டா வீல்சேர் குடுப்பாங்க, தள்ளுறதுக்கு போர்ட்டர் அண்ணன்கிட்ட சொல்லுங்க, எவ்வளவுன்னு முன்னாடியே பேசிடுங்க. பேட்டரி காரும் உண்டு, ஆனா ஒரே நேரத்துல நாலு வண்டி கிளம்புற ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு அதை நம்பி நிக்காதீங்க. நாங்க ஒன்னேகால் மணி நேரம் முன்னாடியே போயிடுவோம்.

ஏறுறது: எல்லா கிளாஸும் ஒன்னுதான்

காசு அதிகமா குடுத்தா ஏறுறது சுலபம்னு நினைக்காதீங்க. ஸ்லீப்பரா இருந்தாலும் ஃபர்ஸ்ட் ஏசியா இருந்தாலும் கதவு படி எல்லாம் ஏறக்குறைய அதேதான். மேடான பிளாட்பாரத்துல நின்னா கூட பெட்டியோட தரை இன்னும் ஒன்றரை அடி மேல இருக்கும். சாதாரண வீல்சேர் பெட்டிக்குள்ள நடைபாதையில போகாது, அந்த அளவுக்கு இடம் கிடையாது. அதனால கதவு வரைக்கும் வீல்சேர், அங்க இருந்து கம்பியை பிடிச்சு ஏறி பெர்த் வரைக்கும் நடந்தாகணும். பத்து அடி கூட நடக்கவே முடியாதவங்களுக்கு வேற வழி இருக்கு, அதை கீழ சொல்றேன்.

பிசியோதெரபி பண்ற தம்பி எங்களுக்கு சொல்லி குடுத்தது இது: ஏறும்போது பலமான கால் முதல்ல, இறங்கும்போது பலமில்லாத கால் முதல்ல. கதவுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி கம்பி இருக்குறதால பலமான கை எந்த பக்கமோ அந்த கம்பியை பிடிக்கணும். இறங்கும்போது முன்னாடி பாத்து இறங்க வேண்டாம், ஏணியில இறங்குற மாதிரி திரும்பி நின்னு, முகம் பெட்டியை பாத்த மாதிரி இறங்குறது அப்பாவுக்கு சுலபமா இருக்கு. நான் கீழ நின்னு இடுப்பு பெல்ட்டை பிடிச்சுக்குவேன், கையை பிடிச்சு இழுக்க மாட்டேன். ஸ்ட்ரோக் வந்த கையை இழுத்தா தோள்பட்டை இறங்கிடும், உதவி பண்ண வர்றவங்ககிட்ட இதை முதல்லயே சொல்லிடுங்க, நல்ல மனசோட வந்துதான் கையை பிடிச்சு இழுப்பாங்க.

ஸ்லீப்பர், தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி, ஃபர்ஸ்ட் ஏசி

இப்ப பெர்த்துக்கு வரேன், வித்தியாசம் எல்லாம் இங்கதான் இருக்கு.

ஸ்லீப்பர், தேர்ட் ஏசி ரெண்டுலயும் ஒரு பகுதிக்கு எட்டு பெர்த். 1 லோயர், 2 மிடில், 3 அப்பர், எதிர்ல 4 லோயர், 5 மிடில், 6 அப்பர், 7 சைடு லோயர், 8 சைடு அப்பர். அடுத்த பகுதி 9ல ஆரம்பிக்கும், அதனால 9, 12, 17, 20 எல்லாம் லோயர், 15, 23 எல்லாம் சைடு லோயர். செகண்ட் ஏசில ஆறு ஆறா போகும், 1 லோயர், 2 அப்பர், 3 லோயர், 4 அப்பர், 5 சைடு லோயர், 6 சைடு அப்பர். மிடிலே கிடையாது. இந்த ஒரு மிடில் பெர்த்துதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எல்லாத்தையும் மாத்துது.

ஏன்னா ராத்திரி 10 மணியில இருந்து காலைல 6 மணி வரைக்கும் மிடில் பெர்த்தை தூக்கி மாட்டிக்கலாம்னு ரூல். மாட்டியாச்சுன்னா லோயர்ல இருக்குறவங்களால முதுகை நிமித்தி உக்காரவே முடியாது, தலை இடிக்கும். நல்லா இருக்குறவங்க குனிஞ்சு நழுவி வெளிய வந்துடுவாங்க. இடுப்பு ஆபரேஷன் பண்ணவங்க, முட்டி மடக்க முடியாதவங்க, படுத்தா மூச்சு முட்டி எந்திரிச்சு உக்கார வேண்டியவங்க என்ன பண்ணுவாங்க? அப்பா தேர்ட் ஏசில முதல் தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எந்திரிக்கிறேன்னு நெத்தியை கம்பில இடிச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் நான் மிடில் எடுத்தா அதை மாட்டாமலே வச்சிருந்து அவர் பக்கத்துலயே ஓரமா உக்காந்து வந்திருக்கேன், காலைல என் முதுகு போயிடும், ஆனா அவர் நல்லா தூங்குவாரு.

அதனால என் தீர்ப்பு இதுதான்: படுத்து எந்திரிக்கிறதுதான் பெரிய கஷ்டம்னா செகண்ட் ஏசி லோயருக்கு காசு சேருங்க. தலைக்கு மேல இடம் இருக்கு, திரைச்சீலை இருக்கு, டயபர் மாத்தணும் யூரின் பாட்டில் வைக்கணும்னா மானமா பண்ணலாம். இந்த திரைச்சீலையோட அருமை அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும், தேர்ட் ஏசில அது கிடையாது, நான் போர்வையை பிடிச்சு மறைச்சுக்கிட்டு நிப்பேன்.

தேர்ட் ஏசி, ஸ்லீப்பர்தான் முடியும்னா சைடு லோயரை ஒதுக்காதீங்க. எல்லாரும் அதை மட்டம்னு சொல்லுவாங்க, குறுகலா இருக்கும், உயரமானவங்களுக்கு கால் நீட்ட வராது, ரெண்டு சீட்டை சேத்து போடுறதுல நடுவுல ஒரு மேடு முதுகை உறுத்தும், சில புது பெட்டியில மேல தனியா ஒரு பலகையை இழுத்து போட்டுக்கலாம் அது பரவால்ல. நடந்து போறவங்க கால்ல இடிச்சுட்டும் போவாங்க. ஆனா சைடுல மிடில் கிடையாது, நேரா நிமிந்து உக்காரலாம், காலை கீழ போட்டா நேரா நடைபாதை, நாலு பேர் செருப்பையும் பையையும் தாண்ட வேண்டாம். உயரம் கம்மியான, முட்டி வலி மட்டும் இருக்குற அம்மாக்களுக்கு இது உள்பக்க லோயரை விட சௌகரியம்னே சொல்லுவேன். மேட்டுக்கு ஒரு கெட்டி போர்வையை நாலா மடிச்சு போடுங்க. டிக்கெட் ஆர்ஏசியா வந்தா மட்டும் இதே சைடு லோயரை இன்னொருத்தரோட பாதி பாதி உக்காந்துட்டு போகணும், அதுக்கு சம்மதிக்காதீங்க, கேன்சல் பண்ணிட்டு வேற நாள் பாருங்க.

உள்பக்க லோயர்னா ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லாதது. வீட்ல எந்த பக்கமா கட்டில்ல இருந்து இறங்கி பழக்கமோ அதே பக்கம் இங்கயும் வரணும். எதிர் எதிர் லோயர்ல ஜன்னல் பக்கம் தலை வச்சு படுத்தா ஒன்னுல வலது பக்கமா இறங்கணும், இன்னொன்னுல இடது பக்கமா. பக்கம் தப்பா இருந்தா பெர்த்தை மாத்த யாரையும் கெஞ்ச வேண்டாம், தலைகாணியை எடுத்து நடைபாதை பக்கம் வச்சு தலையை திருப்பி படுக்க வச்சா போதும், பக்கம் மாறிடும். இது தெரியாம ரெண்டு ட்ரிப் அவரை கஷ்டப்படுத்திட்டேன்.

ஃபர்ஸ்ட் ஏசில பெர்த் அகலம், கதவை மூடிக்கலாம், மடக்கின வீல்சேரை உள்ளயே வச்சுக்கலாம், கூப்பிட்டா அட்டெண்டர் வருவாரு. ரெண்டு பேர் ரூமை கூபேன்னும் நாலு பேர் ரூமை கேபின்னும் சொல்லுவாங்க. நீங்க ரெண்டு பேரா போனீங்கன்னா கூபே கிடைச்சா சொர்க்கம், ஆனா எந்த ரூம் எந்த பெர்த்னு டிக்கெட் போடும்போது தெரியாது, சார்ட் போட்டப்பறம்தான் தெரியும். கன்ஃபர்ம்னு மட்டும்தான் வரும், லோயரா அப்பரான்னு கடைசி வரைக்கும் நெஞ்சு படபடன்னு இருக்கும். எங்களுக்கு கேபின்ல ஒரு லோயர் ஒரு அப்பர் வந்துச்சு, நல்லாவே இருந்துச்சு. இருந்தாலும் கதவும் படியும் பாத்ரூம் தூரமும் மாறல, அதனால டயாலிசிஸ் பண்றவங்க, தொத்து பயம் இருக்குறவங்க, ரொம்ப முடியாதவங்களுக்கு மட்டும் இந்த செலவு தகும்னு எனக்கு படுது. மத்தவங்களுக்கு செகண்ட் ஏசி போதும்.

தேர்ட் ஏசி எகானமின்னு ஒன்னு இருக்கு, தேர்ட் ஏசில 72 பெர்த் இருக்குற இடத்துல இதுல 83 வரைக்கும் இருக்கும். கால் வைக்கிற இடம் நெருக்கம். ஆனா 2021ல இதை கொண்டு வந்தப்போ டாய்லெட் கதவை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்த மாதிரி அகலமா வடிவமைச்சோம்னு ரயில்வே சொல்லுச்சு, அதனால பாத்ரூம்ல நுழையுறதுதான் உங்க பிரச்சனைன்னா இதை ஒரு தடவை பாக்கலாம். எல்லா வண்டியிலயும் இந்த பெட்டி இருக்காது.

பத்து அடி கூட நடக்க முடியாதவங்களுக்கு

நிறைய மெயில், எக்ஸ்பிரஸ் வண்டியில ரயில் கார்டு இருக்குற பெட்டியோட சேந்த மாதிரி மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தனி பகுதி இருக்கும், வண்டியோட முனையில வரும், வெளியில வீல்சேர் படம் போட்டிருக்கும். கதவு அகலம், பெர்த் அகலம், டாய்லெட்டும் அதோட கதவும் பெருசு, உள்ள சுவத்துல பிடிச்சுக்க கம்பி, வாஷ் பேசினும் கண்ணாடியும் உக்காந்தவங்களுக்கு எட்டுற உயரத்துல. இந்த மாதிரி ராத்திரி வண்டியில வீல்சேர்லயே உள்ள போக முடியுறது இதுலதான். வடிவமைப்புன்னு பாத்தா ஃபர்ஸ்ட் ஏசியை விட இதுதான் நம்ம ஆளுங்களுக்காக யோசிச்சு செஞ்சது.

கஷ்டம் என்னன்னா பெரும்பாலும் ரிசர்வேஷன் கிடையாது, ஏசி கிடையாது, வண்டி கடைசியில இருக்குறதால பிளாட்பாரத்துல ரொம்ப தூரம் போகணும், சின்ன ஸ்டேஷன்ல இந்த பெட்டி பிளாட்பாரத்தை தாண்டி நிக்கவும் வாய்ப்பு இருக்கு. கூட்டமான நாள்ல சம்பந்தம் இல்லாதவங்க ஏறி உக்காந்திருப்பாங்க. சண்டை போடாதீங்க, ரயில்வே ஹெல்ப்லைன் 139க்கு போன் பண்ணுங்க இல்ல ரயில் மதத் ஆப்ல வண்டி நம்பரோட போடுங்க, கிளம்புற ஸ்டேஷன்ல இருக்கும்போதே பண்ணினா ரயில்வே பாதுகாப்பு படை (ஆர்பிஎஃப்) வந்து இறக்கி விட நேரம் இருக்கும். பிளாட்பாரத்துல இருந்து பெட்டிக்குள்ள வீல்சேரை ஏத்த மடக்குற சாய்வு பலகை இருக்கான்னு ஸ்டேஷன் மேனேஜர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க.

டிக்கெட் போடுற விதம்

ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடி காலைல 8 மணிக்கு ஓப்பன் ஆகும். அன்னைக்கே போட்டுடுங்க, லோயர் சீக்கிரம் காலி ஆகிடும்.

ஐஆர்சிடிசில கோட்டான்னு இருக்குற இடத்துல ஜெனரலை மாத்தி லோயர் பெர்த் சீனியர் சிட்டிசன்னு எடுக்கலாம். ஆம்பளைங்கன்னா 60 வயசு, பொம்பளைங்கன்னா 45 வயசு ஆகியிருக்கணும், ஒரு டிக்கெட்ல ஒருத்தர் இல்ல ரெண்டு பேர்தான். ஸ்லீப்பர்ல பெட்டிக்கு 6, 7 லோயர், தேர்ட் ஏசில 4, 5, செகண்ட் ஏசில 3, 4 இதுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காங்க. அம்மா அப்பாவோட நீங்களும் சேந்து மூணு பேரா போட்டா இந்த கோட்டா போயிடும், அதனால அவங்க ரெண்டு பேருக்கு தனி டிக்கெட், உங்களுக்கு தனி டிக்கெட். நீங்க வேற பெட்டியில போய் விழலாம், அது ஒரு தலைவலிதான், ஆனா லோயர் உறுதியா கிடைக்குறதுக்கு அந்த விலை குடுக்கலாம். சீனியர் சிட்டிசனுக்கு கட்டண சலுகை 2020 மார்ச்லயே நிறுத்திட்டாங்க, இது பெர்த்துக்கு மட்டும்தான்.

மாற்றுத்திறனாளி கோட்டா வேற. துணை இல்லாம பயணம் பண்ண முடியாத அளவுக்கு கை கால் பாதிப்பு இருக்குன்னு அரசு டாக்டர் ரயில்வே ஃபார்ம்ல எழுதி குடுக்கணும், அதை வச்சு ரயில்வேயோட திவ்யாங்ஜன் ஐடி வெப்சைட்ல அப்ளை பண்ணினா கார்டு வரும். வெறும் மூட்டு வலின்னா கிடைக்காது. கார்டு கையில இருந்தா அவருக்கும் கூட போற ஒருத்தருக்கும் ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் 75 சதவீதம் சலுகை, செகண்ட் ஏசி, ஃபர்ஸ்ட் ஏசில 50 சதவீதம். ராஜ்தானி மாதிரி வண்டியில தேர்ட் ஏசிக்கு 25 சதவீதம்தான். ஸ்லீப்பர்ல இந்த கோட்டாவுக்கு நாலு பெர்த், ரெண்டு லோயர் ரெண்டு மிடில், தேர்ட் ஏசிலயும் தனியா ஒதுக்கீடு இருக்கு. செகண்ட் ஏசில இந்த ஒதுக்கீடு கிடையாது, அங்க சலுகையும் கம்மி, அதனால தேர்ட் ஏசிக்கும் செகண்ட் ஏசிக்கும் கையில இருந்து போற காசு ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம் வரும். நாங்க போகும்போது செகண்ட் ஏசி, அக்கா கூட வரும்போது ரெண்டு பேர் தூக்க இருக்கோம்னு தேர்ட் ஏசி, இப்படித்தான் சமாளிக்கிறோம்.

ஜெனரல் கோட்டால போட்டா ரெண்டு விஷயம் மறக்காதீங்க. ஒன்னு, குறைஞ்சது ஒரு லோயர் கிடைச்சா மட்டும் புக் பண்ணுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை டிக் பண்ணுங்க, கிடைக்கலன்னா டிக்கெட்டே விழாது, பணம் திரும்பிடும். ரெண்டாவது, ஆட்டோ அப்கிரேடுன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் இருந்தா எடுத்துடுங்க. இலவசமா மேல் கிளாஸ் வருதேன்னு ஆசைப்பட்டா ஸ்லீப்பர்ல இருந்த நல்ல லோயர் போய் தேர்ட் ஏசில சைடு அப்பர் வந்து நிக்கும். எங்க தெரு ஆன்ட்டி ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. தட்கால்ல எந்த சலுகையும் கிடையாது, லோயருக்கு உத்தரவாதமும் கிடையாது, வேற வழியே இல்லன்னா மட்டும்.

எல்லாம் பண்ணியும் அப்பர் வந்துடுச்சுன்னா வண்டி ஏறினதும் டிடிஆர்கிட்ட போங்க. காலியாகுற லோயரை அப்பர் மிடில் வந்த பெரியவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதல்ல குடுக்கணும்னு விதி இருக்கு. அதுக்குள்ள பக்கத்துல இருக்குறவங்ககிட்ட பேசிப் பாருங்க. "தம்பி, அப்பாவுக்கு கால் வராதுப்பா, உங்க லோயரை குடுத்தா எங்களோட ரெண்டு அப்பர்ல எது வேணுமோ எடுத்துக்கோங்க"ன்னு நேரா சொன்னா நம்ம ஊர் பசங்க பத்துல எட்டு பேர் எந்திரிச்சிடுவாங்க. கேக்குறதுக்கு கூச்சப்படாதீங்க, ஆனா அவங்களும் முடியாதவங்களா இருக்கலாம், வெளிய தெரியாது, வேண்டாம்னு சொன்னா சரிங்கன்னு வந்துடுங்க.

பாத்ரூம்

இதை நினைச்சுத்தான் நிறைய பெரியவங்க வெளியூர் வர மாட்டேன்னு சொல்றாங்க, தண்ணியே குடிக்காம வந்து காலைல மயங்குறாங்க. அப்படி விடாதீங்க. பெட்டியோட ரெண்டு முனையிலயும் டாய்லெட், எந்த முனையில வெஸ்டர்ன்னு பெட்டிக்கு பெட்டி மாறும், ஏறின உடனே போய் பாத்து வச்சுக்கோங்க, கம்பி எந்த பக்கம் இருக்குன்னும் பாருங்க. ஸ்லீப்பர், தேர்ட் ஏசில 1, 4 மாதிரி முனையில இருக்குற பெர்த் பாத்ரூமுக்கு நாலு எட்டு, ஆனா ராத்திரி முழுக்க கதவு சத்தம், வெளிச்சம். வாக்கர்ல ஓரளவு நடக்குறவங்களுக்கு 9, 12 நல்லா இருக்கும். நம்பரை நம்மளால தேர்ந்தெடுக்க முடியாது, ஆனா மாத்திக்க கேக்கும்போது எது நல்லதுன்னு தெரிஞ்சிருக்கணும்ல.

வண்டி ஓடும்போது நடக்குறதுதான் ஆபத்து, ஸ்டேஷனை நெருங்கும்போது தண்டவாளம் மாறுற இடத்துல ஒரு குலுக்கு குலுக்கும் பாருங்க, நமக்கே தள்ளும். இப்ப எல்லாம் பயோ டாய்லெட்டுங்கிறதால முன்ன மாதிரி தண்டவாளத்துல விழாது, அதனால விழுப்புரம் திருச்சி மாதிரி கொஞ்சம் நேரம் நிக்கிற இடத்துல கூட்டிட்டு போங்க. உள்ள விட்டுட்டு தாழ்ப்பாள் போட சொல்லாதீங்க, வெளிய நீங்க கதவை பிடிச்சுக்கோங்க. தரை ஈரமா இருக்கும், பழைய துண்டு ஒன்னு கொண்டு போய் கால் வைக்கிற இடத்துல போடுங்க, ரப்பர் செருப்பு பின்னாடி வார் வச்சது. ஊன்றுகோல் நுனி ரப்பர் தேஞ்சிருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. ஆம்பளைங்களுக்கு யூரின் பாட்டில் பாதி கவலையை தீத்துடும். அம்மாக்களுக்கு ராத்திரிக்கு மட்டும் டயபர், அதை அவங்ககிட்ட முன்னாடியே பேசி, வீட்லயே ஒரு ராத்திரி போட்டு பழக்கிட்டு கூட்டிட்டு போங்க, ட்ரெயின்ல முதல் தடவையா போட சொன்னா மனசு உடைஞ்சிடுவாங்க.

படுக்கவே வேண்டாம், உக்காந்தே போயிடலாம்னா

இதையும் யோசிங்க. எழும்பூர்ல விடியக்காலை ஏறினா நாகர்கோவில் வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள்ள மதுரையில விட்டுடும், முதல் பெட்டியிலயும் கடைசி பெட்டியிலயும் வீல்சேருக்கு இடமும் அதுக்கேத்த டாய்லெட்டும் இருக்கு. ஆனா மதுரை வழியில வர்ற ஸ்டேஷன், கதவு தானா மூடுறது, அதனால முன்னாடியே கதவுகிட்ட வந்துடணும். தேஜஸ் எக்ஸ்பிரஸ்னா மதுரையோட முடியும். அவ்வளவு நேரம் உக்கார முடியுமான்னுதான் கேள்வி. அப்பாவுக்கு கால் வீங்கிடுது, அதனால நாங்க ராத்திரி வண்டிக்கே திரும்பிட்டோம். முட்டி மட்டும்தான் பிரச்சனைன்னா பகல் வண்டி ரொம்ப நல்லது.

இறங்குறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி எழுப்பிடுங்க, ஸ்ட்ரோக், மூட்டு வாதம் இருக்குறவங்களுக்கு காலைல உடம்பு இறுகிப்போய் இருக்கும், உக்கார வச்சு கால் கையை ஆட்டி விட்டு சூடா ஏதாவது குடுங்க. வழியில இறங்குற ஊர்னா ஒரு ஸ்டேஷன் முன்னாடியே சாமானை கதவுகிட்ட கொண்டு போய் வச்சுட்டு டிடிஆர்கிட்டயும் அட்டெண்டர்கிட்டயும் இந்த மாதிரி ஆள் இறங்கணும்னு சொல்லி வைங்க. வந்து கூட்டிட்டு போறவங்களுக்கு பெட்டி நம்பரை ராத்திரியே அனுப்பிடுங்க. அக்கா வீட்டுக்காரர் எப்பவும் எங்க பெட்டி வந்து நிக்கிற இடத்துல வீல்சேரோட நிப்பாரு, பிரேக் போட்டிருக்கான்னு பாத்துட்டு, மிதியை மடக்கி வச்சுட்டு, அப்புறம்தான் "மாமா, மெதுவா வாங்க"ன்னு கூப்பிடுவாரு.